கேனன் ஏஇ-1 ஃபிலிம் கேமராவில் லீவர் நகரவில்லை, ஷட்டர் பட்டனுக்குச் சத்தமே இல்லை: மேல்மூடியைக் கழற்றலாமா?

#1 நிழற்பெட்டி

கேனன் ஏஇ-1, 50 மி.மீ. எஃப் 1.8 எஃப்டி லென்ஸ். ஃபிலிமை நகர்த்திச் சுற்றும் வைண்டிங் லீவர் முதல் 30 டிகிரி சும்மா வருகிறது, அதற்கு மேல் அசையவில்லை. ஷட்டர் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் எழுந்து இறங்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி கீழேதான் இருக்கிறது, வ்யூஃபைண்டரில் காட்சி தெரிகிறது. உள்ளே ஃபிலிம் கிடையாது. பாட்டரி புதிது: நான்கு எல்ஆர்44 பட்டன் செல்கள் அடுக்கிப் போட்டிருக்கிறது. வாட்ச் ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர், டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெய் கைவசம் உண்டு. மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கலாமா?

#2 ஷட்டர்விரல்

மேல்மூடியைத் தொடாதீங்க. டபிள்யூடி-40 டப்பாவை மேஜையை விட்டே எடுத்துடுங்க. அது கேமராவுக்குள் போனா ஊர்ந்து ஊர்ந்து ஷட்டர் திரை, காந்தம், லென்ஸ்ல வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கிற டயாஃப்ரம் இதழ் எல்லாத்துக்கும் போயிடும். அப்புறம் ஒரு இடத்துக் கோளாறு நாலு இடத்துக் கோளாறாகும்.

நீங்க சொல்ற அறிகுறியில லீவர் கெடலை. ஏற்கெனவே முழுசா சுற்றி முடிச்சாச்சு. ஷட்டர் விடுபடும்வரை மறுபடி சுற்ற முடியாதபடி பூட்டு விழுந்திருக்கு, அவ்வளவுதான். அந்தப் பூட்டோட மல்லுக்கட்டினா உள்ளே இருக்கிற பல் உடையும். லீவரை விட்டுட்டு, ஷட்டர் ஏன் விடுபடலைன்னு மட்டும் பாருங்க.

1976-ல் வந்த ஏஇ-1-ல் பட்டன் எந்த இரும்புக் கம்பியையும் நேரா இழுக்காது. அது ஒரு மின் சுவிட்ச். மின்சாரம் போய் காந்தம் விட்டாத்தான் ஷட்டர் ஓடும். பாட்டரி இல்லாத ஏஇ-1 எப்பவும் ஜாம் ஆன ஏஇ-1 மாதிரியேதான் இருக்கும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம் மாதிரி முழு மெக்கானிக்கல் கேமராவில் பாட்டரி லைட் மீட்டருக்கு மட்டும். அங்கே ஜாம்னா கதையே வேற.

முதல்ல பாட்டரி. இதுக்கு வேண்டியது 6 வோல்ட் 4எல்ஆர்44. அது 25.2 மி.மீ. நீளம், 13 மி.மீ. விட்டம். நாலு எல்ஆர்44 அடுக்கினா நீளம் 21.6 மி.மீ.தான், விட்டம் 11.6 மி.மீ. வோல்ட் கணக்கு சரி, ஆனா நீளத்தில் 3.6 மி.மீ. குறையுது. ஸ்ப்ரிங் ஒட்டியும் ஒட்டாமலும் நிக்கும், செல் பக்கவாட்டில் ஆடும். அலுமினியம் ஃபாயிலை இறுக்கமா மடிச்சு அந்த இடைவெளிக்கு வெச்சு, செல்களைச் சுற்றிக் காகிதம் சுருட்டினா ஒரு சோதனைக்குப் போதும். ஃபாயில் பக்கச் சுவரைத் தொடக்கூடாது, ஷார்ட் ஆகும். நிரந்தரத் தீர்வு ஒரிஜினல் 4எல்ஆர்44, அல்லது சில்வர் ஆக்சைடு 4எஸ்ஆர்44. நாய்க்குப் போடும் குரைப்புத் தடுப்புப் பட்டையிலும் இதே 4எல்ஆர்44-தான், அதனால் தேடினால் கிடைக்கும்.

பாட்டரி மூடியை நகத்தால நெம்பாதீங்க. அந்தப் பிளாஸ்டிக் கொக்கி வயசாகி மொறுமொறுன்னு இருக்கும்.

#3 இருட்டறை

பாட்டரி மாற்றும் முன் இதையும் பார்த்துவிடுங்கள். மெயின் சுவிட்ச் ‘எல்’-லில் இருந்தால் பூட்டு. ‘ஏ’-யில் இருக்க வேண்டும். பிறகு பாட்டரி செக் பட்டனை அழுத்தி வ்யூஃபைண்டரில் முள்ளைப் பாருங்கள். 5.6 குறிக்குக் கீழே போய் நின்றால் பாட்டரி போதும். மல்டிமீட்டரில் வெறும் செல்லை அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் இங்கே மின்சுற்று சுமை கொடுத்து அளக்கிறது. தேய்ந்த செல்கள் வெளியே 6 வோல்ட் காட்டிவிட்டு, உள்ளே போனதும் படுத்துவிடும்.

#4 நிழற்பெட்டி

சுவிட்ச் ‘ஏ’-யில்தான் இருக்கிறது. செல் அடுக்கு வெளியே 6.2 வோல்ட். ஃபாயில் வைத்து மூடிய பிறகும் பாட்டரி செக்கில் முள் துளிகூட அசையவில்லை. அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது.

#5 இருட்டறை

பழைய அல்கலைன் செல் கசிந்த உப்பு அது. காரம் என்பதால் அமிலத்தில் எளிதாகக் கரையும். வெள்ளை வினிகரில் பட்ஸை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு முனையைத் துடையுங்கள். பிழியாமல் வைத்தால் வினிகர் அறைச் சுவர் வழியே உள்ளே இறங்கும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று பட்ஸ் மாற்றுங்கள். பிறகு தண்ணீர் தொட்டுப் பிழிந்த பட்ஸ் ஒன்று, கடைசியாக 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். பளபளப்பு வரவில்லையென்றால் ஃபைபர்கிளாஸ் பேனா அல்லது பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாகப் பூக்கும்.

முனை பளிச்சென்று ஆனபின்னும் முள் அசையாவிட்டால் கசிவு முனைக்குப் பின்னால் இருக்கும் ஒயருக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். அது வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உறையைச் சீவினால் செம்பு கருத்துப்போயிருக்கும். கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டு அந்தத் துண்டுக்குப் புது ஒயர் சேர்க்க வேண்டும்.

#6 பழைய_ஃபிலிம்

அடிப்பாகத்தை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினா ஏஇ-1 சட்டுனு விட்டுடும். இவ்வளவு வேலை எதுக்கு?

#7 ஷட்டர்விரல்

தட்டினா விடுதுன்னா அது வைத்தியம் இல்லை, நோய் எங்கேன்னு காட்டுற அடையாளம். அடித்தட்டுக்குள்ள ரிலீஸ் காந்தம் ஒண்ணு இருக்கு. அதுல ஒட்டின தகடு அதிர்ச்சியில பிரியுது, ஷட்டர் ஓடுது. அடுத்த படத்துக்கு மறுபடி ஒட்டிக்கும். தினமும் தட்டிக்கிட்டே இருந்தா வ்யூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்புற பென்டாப்ரிஸமும் கண்ணாடியும்தான் இடம் மாறும்.

#8 நிழற்பெட்டி

முனையைச் சுத்தம் செய்து, ஒரிஜினல் 4எல்ஆர்44 போட்டாயிற்று. முள் இப்போது 5.6-க்குக் கீழே இறங்கி நிற்கிறது. பட்டனைப் பாதி அழுத்தினால் லைட் மீட்டரும் வேலை செய்கிறது. ஷட்டர் மட்டும் விடவில்லை. லேசாகத் தட்டினால் ஒருமுறை விட்டது. அடுத்த சுற்றில் மறுபடி நின்றுவிட்டது.

#9 ஷட்டர்விரல்

அப்போ காந்தம்தான். மேல்மூடி பக்கமே போகாம முடிகிற வேலை.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கை நடுங்காது. சின்ன இரும்புத் தகடு ஒண்ணை நிரந்தரக் காந்தம் பிடிச்சு வெச்சிருக்கும். ஒரு ஸ்ப்ரிங் அதை எதிர்ப்பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். பட்டனை அழுத்தினதும் காந்தத்தைச் சுற்றியுள்ள காயிலில் ஒரு கணம் மின்சாரம் பாய்ஞ்சு காந்த இழுப்பை ரத்து செய்யும். தகடு விலகும், ஷட்டர் ஓடும். தகட்டுக்கும் காந்த முகத்துக்கும் நடுவுல பழைய எண்ணெய்ப் படலம் பிசுபிசுன்னு சேர்ந்தா, காந்தம் விட்டும் பிசுக்கு விடாது. உங்க நிலைமை அதுதான். இதுக்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: முகத்துல தூசி உட்கார்ந்து தகடு சரியா ஒட்டாம, லீவரைச் சுற்றி முடிச்ச உடனேயே பட்டன் தொடாம ஷட்டர் ஓடிடும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணே.

பாட்டரியைக் கழற்றுங்க. லென்ஸையும் கழற்றி, அந்தத் துவாரத்துக்கு பாடி கேப்னு சொல்ற மூடியைப் போடுங்க. கேமராவை மடித்த துண்டு மேல தலைகீழா வையுங்க. அடித்தட்டு திருகாணிகளுக்கு ஜப்பானிய ஜேஐஎஸ் முனை டிரைவர்தான் சரி. சாதாரண பிலிப்ஸ் முனை கூம்பா இருக்கும், அழுத்தித் திருப்பும்போது மேலே வழுக்கி ஏறி தலையைத் தின்னுடும். பிலிப்ஸ்தான் இருக்குன்னா நுனியை அரம் வெச்சு ஒரு மயிரிழை தேய்ச்சு மொட்டையாக்குங்க, ஓரளவு உட்காரும். அழுத்தறது முக்கால் பங்கு, திருப்பறது கால் பங்கு. திருகாணிகள் ஒரே நீளம்னு நம்பாதீங்க; தெர்மகோல் துண்டுல கேமரா அடிப்பக்கத்தை வரைஞ்சு, கழற்றின இடத்திலேயே குத்தி வையுங்க. தட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, தூக்கினதும் ஒரு ஃபோட்டோ.

காயில் சுற்றின சின்னக் கட்டி தெரியும், அதன் முகத்துல ஒட்டின தகடும் தெரியும். ஷட்டர் சுற்றின நிலையில பல்குச்சியால தகட்டை மெல்ல காந்தத்திலிருந்து விலக்குங்க. டப்புனு ஷட்டர் ஓடினா மெக்கானிசம் முழுசும் நல்லா இருக்கு, கோளாறு இந்த ஒரு முகத்துலதான். ஓடலைன்னா நிறுத்திட்டு இங்கே எழுதுங்க.

ஓடிச்சுன்னா, தூசி உதிராத நல்ல பாண்டு காகிதத்தை 4 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, நுனியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைச்சு, உதறி, தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவுல நுழைச்சு இழுங்க. காகிதத்துல பழுப்புக் கோடு வரும். கோடு வராத வரைக்கும் புதுத் துண்டு மாத்தி மாத்தி இழுங்க, மூணு நாலு தடவை போதும். கடைசித் துண்டு உலர்ந்ததா இருக்கணும். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், இழை பிரிஞ்சு உள்ளே நின்னா தகடு ஒட்டாது. அங்கே எண்ணெய் ஒரு சொட்டுகூட கூடாது. காந்தமா இருக்கறதால டிரைவர் நுனியை உள்ளே நீட்டாதீங்க, திருகாணி விழுந்தா தேடி எடுக்கிறது பெரும்பாடு.

#10 இருட்டறை

ஒரு சேர்க்கை. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் ஏஇ-1 பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேல்மூடி பித்தளை மாதிரி தெரிந்தாலும் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் போட்ட முலாம். ஒரு சொட்டில் உருகிச் சுருங்கும். லைட்டர் ஃப்ளூயிட் எனப்படும் நாப்தாவையும் ஷட்டர் திரை பக்கம் விடாதீர்கள். ரப்பர் பூசிய துணித் திரை அது, பூச்சு கெட்டால் வெளிச்சம் ஊசித்துளையாகக் கசியும்.

#11 நிழற்பெட்டி

பல்குச்சியில் விலக்கியதும் ஷட்டர் ஓடியது. ஐந்து துண்டு காகிதம் ஆயிற்று, முதல் இரண்டில் நல்ல பழுப்பு. இப்போது பட்டனுக்கு விடுகிறது, தொடர்ந்து 20 தடவை. ஆனால் கண்ணாடி எழும்போது ‘கீச்’ என்று ஓர் இருமல் சத்தம். மெதுவாக எழுவது போலவும் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே உள்ள ஃபோம் தொட்டால் விரலில் தார் மாதிரி ஒட்டுகிறது.

#12 ஷட்டர்விரல்

அது ரெண்டு தனித்தனி விஷயம்.

கீச் சத்தம் கேனன் ஏ வரிசை எல்லாத்துக்கும் பொதுவானது. ஏஇ-1 ப்ரோகிராம், ஏ-1 எல்லாத்துலயும் வரும். கண்ணாடியோட வேகத்தைக் கட்டுப்படுத்துற சின்ன கியர் ஒண்ணு கண்ணாடிப் பெட்டியோட பக்கவாட்டுல இருக்கு. அதோட அச்சுல எண்ணெய் காய்ஞ்சு போறதுதான் காரணம். திரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியே விட்டா கண்ணாடி மெதுவாகி மெதுவாகி ஒரு நாள் நடுவழியில நிக்கும், மறுபடி ஜாம். அடித்தட்டைக் கழற்றின வழியாவே வளைச்ச ஊசி சிரிஞ்சால அந்த அச்சை எட்டலாம். உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல் படத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு, எந்த அச்சுன்னு உறுதியா தெரிஞ்ச பிறகுதான் ஊசி உள்ளே போகணும். வாட்ச் எண்ணெய், அதுவும் ஒரே ஒரு சின்னச் சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் எளிதா கிடைக்கும்தான், ஆனா அது இந்த வேலைக்கு ரொம்ப ஓடும். நேத்து அச்சுல விட்டது நாளைக்கு நீங்க இப்போ துடைச்ச காந்த முகத்துல நிக்கும். விட்டதும் 30 தடவை சுற்றி சுட்டுப் பாருங்க. சத்தம் குறைஞ்சு, கொஞ்ச நேரத்துல அடங்கும். ரெண்டாவது சொட்டுக்கு முன்னாடி ஒரு ராத்திரி விடுங்க.

#13 இருட்டறை

ஃபோம் பற்றி. பாலியூரிதேன் நுரை வயதானால் பசையாகிவிடும். கண்ணாடி எழுந்து அதில் இடிக்கும்போது ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்பதும் உண்டு; எந்த பிராண்ட் எஸ்எல்ஆர் (இப்படி எழும் கண்ணாடி உள்ள கேமரா) ஆனாலும் கண்ணாடி மேலேயே நிற்கிறது என்றால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கேமராவை லென்ஸ் துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு சுரண்டுங்கள், துகள் வெளியே விழட்டும். கண்ணாடிக்கு மேலே காட்சி விழும் ஃபோகசிங் ஸ்க்ரீனை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பசை அதில் விழுந்து துடைக்கப்போனால் ஸ்க்ரீன் கீறிவிடும். மூங்கில் பல்குச்சியின் நுனியை சாய்வாக வெட்டிக்கொண்டு பெரும்பகுதியை வழித்தெடுத்து, மிச்சத்தை ஆல்கஹால் பட்ஸால் துடையுங்கள். கண்ணாடியின் முகத்தைத் தொடவே கூடாது. வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் அல்ல. துடைத்தால் துணியோடு வந்துவிடும். ஊதுகுழல் மட்டும்.

புது ஃபோம் வெட்டும்போது தடிமன் முக்கியம். பழையது அழுத்தப்படாத மூலையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ.க்குள் வரும். தடிமன் கூடினால் கண்ணாடி முழுதாக எழாது, படத்தின் ஓரத்தில் நிழல் விழும். பின்கதவின் காடிகளுக்கு ஃபோமுக்குப் பதிலாகக் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலே போதும்.

#14 பெல்லோஸ்

இந்த இழைக்குள்ளேயே கேட்டுவிடுகிறேன். கோடாக் ரெட்டினா ‘3சி’. லீவர் திடீரென்று பூட்டிக்கொண்டது. இதற்கு பாட்டரியே கிடையாது.

#15 இருட்டறை

கவுண்டரைப் பாருங்கள். 1 காட்டுகிறதா? ரெட்டினாவில் கவுண்டர் கீழ்நோக்கி எண்ணும்; 1-க்கு வந்ததும் ரோல் முடிந்துவிட்டது என்று லீவரைப் பூட்டிவிடும். கவுண்டரை முன்னுக்குத் தள்ளும் பட்டனையும் நகர்த்தியையும் பயன்படுத்தி 36-க்குக் கொண்டுபோங்கள், லீவர் விடுபடும். உள்ளே ஃபிலிம் இல்லாமல் சோதிக்கும்போதும் இதே பூட்டு விழும். ரெட்டினாவில் லீவரை இழுத்து உடைப்பது மிகக் கொடுமையான தவறு, ஷட்டரைச் சுற்றும் ராக் என்ற பல்சட்டத்தின் பற்கள் மழுங்கிவிடும். மாற்று ராக் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் வர வேண்டும்.

பழுதில்லாமலேயே ஜாம் போல் நடிக்கும் கேமராக்கள் இன்னும் உண்டு. அக்ஃபா ஐசொலெட் 2, 3 இரண்டிலும் இரட்டைப் பதிவுத் தடுப்பு உண்டு. ஃபிலிம் நகர்ந்தால்தான் மேல்பட்டன் விடும். காலி கேமராவில் பட்டன் இறங்காது. ஹாசல்பிளாட் 500சி/எம்-மில் பாடி சுற்றியிருக்க லென்ஸ் சுற்றாமல் போனால் லென்ஸும் கழலாது, சுற்றவும் முடியாது. ஃபிலிம் பேக்கைக் கழற்றி, பின்கதவுகளை விலக்கி, நீளமான தட்டை டிரைவரால் லென்ஸின் துளையிட்ட அச்சை வலப்புறமாக ‘கிளிக்’ வரும்வரை திருப்பினால் விடுபடும். டிரைவர் வழுக்கினால் லென்ஸ் பின்கண்ணாடி போய்விடும், அங்கே மட்டும் அவசரம் கூடாது.

#16 பழைய_ஃபிலிம்

ஐசொலெட்ல பட்டன் இறங்குது, ஆனா இதழ் ஷட்டர் பாதி திறந்து நிக்குது. ஃபோகஸ் வளையமும் திரும்பவே இல்லை. நாப்தா விடலாமா?

#17 ஷட்டர்விரல்

முதல்ல ஷட்டர் மேல ‘வி’ எழுதின லீவர் எங்கே நிக்குதுன்னு பாருங்க. அது செல்ஃப் டைமர். ப்ரான்டார், காம்பூர்னு வர்ற இதழ் ஷட்டர் ரெண்டுலயும் டைமர் கியர் காய்ஞ்சு பாதியில நின்னா ஷட்டரும் நிக்கும். பழைய இதழ் ஷட்டர் கேமரா கைக்கு வந்தா டைமரைப் போட்டே பார்க்காதீங்க. நின்னுட்டதுன்னா லீவரை விரலால மெல்ல ஓட்டத்தோட தள்ளி முடிச்சு விடுங்க.

டைமர் இல்லைன்னா இதழ்ல எண்ணெய். பட்ஸ்ல ரெண்டு மூணு சொட்டு நாப்தா தொட்டு இதழைத் துடைங்க, 20 தடவை சுடுங்க, ஈரம் பளபளன்னு பரவும், அதை உலர்ந்த பட்ஸால எடுங்க. இப்படி மூணு சுற்று. சும்மா ஊற்றி விட்டா கரைஞ்ச கிரீஸ் லென்ஸ் கண்ணாடி உள்பக்கம் போய்ப் படியும். ஒரு நாள் உலர விடுங்க. மறுநாள் மறுபடி ஒட்டினா, எண்ணெய் ஃபோகஸ் மறையிலிருந்து இறங்கி வருதுன்னு அர்த்தம், அங்கே போய்த்தான் தீர்க்கணும்.

ஃபோகஸ் வளையம் இறுகினது ஐசொலெட்டுக்கு எழுதி வெச்ச விதி. அக்ஃபா அந்தக் காலத்துல போட்ட கிரீஸ் பச்சை நிறப் பசையா இறுகிடுது. வளையத்தைத் திருகினா முன் கண்ணாடியும் நடுக் கண்ணாடியும் ஒட்டினபடியே சேர்ந்து கழலும், ஃபோகஸ் அளவு தொலையும். ஹேர் டிரையரால ரெண்டு நிமிஷம் சூடு, மறை ஓரத்துல ஊசி நுனியால ஒரு சொட்டு நாப்தா, அரை மணி நேரம் பொறுமை, ரப்பர் பிடிமானத்தால முன்னும் பின்னும் அசைச்சுப் பார்க்கிறது. ஒரே நாள்ல வராது, ரெண்டு நாள் இழுக்கும். இடுக்கி போட்டா வளையம் முட்டை வடிவமாகிடும். முன் கண்ணாடி பிரியுற அந்தப் புள்ளியைப் பென்சிலால குறிச்சு வையுங்க. மறையில பல தொடக்கம் இருக்கு, தப்பான தொடக்கத்துல மாட்டினா முடிவிலி தூரம் எங்கேயும் கூடாது. மாட்டினதும் ஃபிலிம் தண்டவாளம் மேல மங்கலான டேப் இழுத்து ஒட்டி, ஷட்டரை ‘பி’-யில (பட்டனை அழுத்தியிருக்கிற வரைக்கும் திறந்திருக்கும்) திறந்து வெச்சு, தூரத்து கோபுரத்தையோ செல்போன் டவரையோ லூப்புங்கிற உருப்பெருக்கியால பார்த்து, கூர்மை வர்ற இடத்துல முடிவிலியைப் பூட்டுங்க.

#18 பெல்லோஸ்

கவுண்டர் 1-ல்தான் நின்றிருந்தது. 36-க்குத் தள்ளியதும் லீவர் விட்டது. நன்றி அண்ணா. ஜோர்க்கி-4 என்ற சோவியத் கேமரா ஒன்றும் இருக்கிறது, அதிலும் ஏதாவது பொறி உண்டா?

#19 இருட்டறை

உண்டு. ஜோர்க்கி-4-ல் ஷட்டர் வேகத்தைச் சுற்றிய பிறகுதான் மாற்ற வேண்டும். சுற்றாமல் மாற்றினால் டயலின் ஊசி தப்பான இடத்தில் உட்கார்ந்து இறுகும்; அப்படி இறுகியதைக் கையால் சரிசெய்ய மேல்மூடி கழற்றித்தான் ஆக வேண்டும். காம்பூருக்கு இதன் எதிர்விதி: 1/500 வேண்டுமென்றால் ஷட்டரைச் சுற்றும் முன்பே வைத்துவிட வேண்டும்.

#20 நிழற்பெட்டி

வாட்ச் எண்ணெய் ஒரு சொட்டில் கீச் சத்தம் அடங்கிவிட்டது, ஃபோமும் மாற்றியாயிற்று. ஃபிலிம் போடும் முன் வேகங்கள் சரியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

#21 ஷட்டர்விரல்

மெதுவான வேகங்களை ஃபோன்ல பார்க்கலாம். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, துவாரத்துக்கு முன்னாடி வெள்ளை விளக்கு. 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்ல பின்பக்கமிருந்து எடுங்க. 1 விநாடிக்கு 240 ஃப்ரேம் வெளிச்சம், 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வரணும். ஓரிரு ஃப்ரேம் இப்படி அப்படி இருக்கலாம். 1/60 ஃபிளாஷ் ஒத்திசைவு வேகம், அப்போ முழுத் திரையும் ஒரு கணமாவது திறந்திருக்கறது தெரியணும்.

1/1000-ஐ இந்த முறையில அளக்க முடியாது, ஆனா ஒரு விஷயம் கண்ணாலேயே தெரியும். பிரகாசமான வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/1000-ல சுட்டா சட்டகம் முழுக்க ஒரே அளவு வெளிச்சக் கீற்று வரணும். ஒரு ஓரம் இருட்டா இருந்தா ரெண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்குது. அதுக்கு ஸ்ப்ரிங் இறுக்கத்தை நீங்களா திருப்பாதீங்க. 1/500-க்கு மேல போகாம முதல் ரோலை எடுங்க. சுத்தம் பண்ணின கேமரா நாலஞ்சு ரோல் ஓடினப்புறம் தானாவே சீராகறது உண்டு.

ஃபிலிம் போட்டதும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டுற பக்கமா லேசா திருகி இறுக்கிட்டு, லீவர் சுற்றும்போது அது சேர்ந்து சுழலுதான்னு பாருங்க. 36-க்கு அப்புறம் லீவர் கெட்டியானா அது ஜாம் இல்லை, ரோல் முடிஞ்சது; அடியில ரீவைண்ட் பட்டனை அழுத்திட்டுச் சுற்றுங்க.